அளந்து ஓடியவர்

1952 ஜூலை 27ஆம் தேதி ஹெல்ஸிங்கியில் நடந்த ஒலிம்பிக் மாரத்தானைப் பற்றி எழுதுகிறவர்கள் எமில் ஸாடோபெக்கைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். எட்டு நாட்களுக்குள் 10,000 மீட்டரையும் 5,000 மீட்டரையும் ஜெயித்துவிட்டு, அதுவரை வாழ்நாளில் ஓடியே இராத மாரத்தானிலும் இறங்கி அதையும் 2 மணி 23 நிமிஷத்தில் முடித்த மனிதர். முகத்தைக் கோணிக்கொண்டு, தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வலியைப் பார்வையாளர்களுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுப்பதுபோல ஓடுகிறவர். எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அன்றைக்கு ஓட ஆரம்பித்தவர்கள் 66 பேர். முடித்தவர்கள் 53 பேர். ஸாடோபெக் வந்து சேர்ந்து 28 நிமிஷம் கழித்து, ஸ்டேடியத்தில் ஜனங்களின் கவனம் வேறு எங்கோ போய்விட்டிருந்த நேரத்தில், 44ஆவதாக உள்ளே நுழைந்தவர் டெட் கார்பிட் என்ற 33 வயது அமெரிக்கர். நேரம் 2 மணி 51 நிமிஷம் 9 வினாடி. அமெரிக்கா அனுப்பிய மூவரில் அவர்தான் கடைசி. அவருக்கு எட்டு பேர் பின்னால், 52ஆவதாக, நம் சூரத் சிங் மாத்தூர் வந்தார் என்பதையும் சொல்லிவிடலாம். சுதந்திர இந்தியாவின் சார்பில் ஒலிம்பிக் மாரத்தானை முதலில் முடித்தவர் மாத்தூர். அவரை நாம் மறந்திருக்கும் அழகைப் பார்க்கையில், கார்பிட்டை அமெரிக்கர்கள் இத்தனை வருஷம் சரியாக ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை என்று குறைப்பட நமக்கு உரிமையில்லை.

44ஆவதாக வந்தவரைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்றால், அந்த நாளுக்குப் பிறகு 55 வருஷம் அவர் இருந்தார், அத்தனை வருஷமும் அந்த ஒரே காரியத்தோடு இருந்தார் என்பதற்காக. ஒலிம்பிக் மாரத்தானில் ஓடிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று கலைக்களஞ்சியங்கள் அவருக்கு ஒரு வரி ஒதுக்குகின்றன. அந்த வரி உண்மைதான். ஆனால் ‘முதல்’ என்ற சொல்லில் ஒரு சோம்பேறித்தனம் இருக்கிறது. வாசலைத் திறந்தவன் என்று சொல்லிவிட்டால், உள்ளே போய் அவன் என்ன செய்தான் என்று பார்க்கிற வேலை மிச்சமாகிவிடுகிறது.

*

தியடோர் கார்பிட் பிறந்தது 1919 ஜனவரி 31ஆம் தேதி, தென் கரோலினா மாநிலத்தில் டன்பார்ட்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பருத்திப் பண்ணையில். தாத்தா அடிமையாக இருந்தவர். ஒரு தலைமுறை தள்ளி நின்றாலும் அடிமைத்தனம் அந்த வீட்டில் புத்தகத்தில் படித்த விஷயமாக இருந்திருக்காது.

டன்பார்ட்டன் இப்போது இல்லை. இடம் மாறவில்லை, பெயர் மாறவில்லை, ஊரே இல்லை. 1950 நவம்பரில் அமெரிக்க அரசாங்கம் அணுகுண்டுக்கான மூலப்பொருள் தயாரிக்க சவானா நதிக்கரையில் ஒரு பெரிய ஆலை கட்டப்போவதாக அறிவித்தது. டன்பார்ட்டன், எலன்டன் போன்ற ஊர்களிலிருந்து சுமார் 6,000 பேர் அப்புறப்படுத்தப்பட்டார்கள். ஆலைக்கு வேலி போட்டாகிவிட்டது. கார்பிட் தன் முதல் மாரத்தானை ஓடியது 1951இல், பாஸ்டனில். அடுத்த வருஷம் ஹெல்ஸிங்கி. ஆக, தன் நாட்டின் சின்னத்தை மார்பில் போட்டுக்கொண்டு அவர் ஓடிக்கொண்டிருந்த அதே மாதங்களில் அவர் பிறந்த ஊரை அந்த நாடு பெயர்த்து எடுத்துக்கொண்டிருந்தது. இதை அவர் வாழ்க்கைக்கு ஒரு குறியீடாக்கிக் கவிதை எழுத யாருக்காவது கை துறுதுறுக்கலாம். நான் இதைச் சொல்வது, திரும்பிப் போக ஊர் இல்லாதவர்களின் வரிசையில் அவரும் ஒருவர் என்பதற்காக மட்டுமே.

குடும்பம் முன்பே வடக்கே ஸின்ஸினாட்டிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பள்ளியிலும் ஸின்ஸினாட்டி பல்கலைக்கழகத்திலும் ஓடினார். வெள்ளைக்கார மாணவர்கள் கறுப்பரோடு ஓட மாட்டோம் என்று சொன்ன இடங்களில் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராணுவத்தில் இருந்துவிட்டு, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உடலியக்க சிகிச்சை படித்தார். அதுவே அவருடைய ஜீவனோபாயம் ஆயிற்று. மன்ஹாட்டனில் ஊனமுற்றவர்களுக்கான ஒரு மறுவாழ்வு நிலையத்தில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார். விபத்திலும் நோயிலும் கால் போனவர்களுக்கு, கை போனவர்களுக்கு மறுபடியும் எழுந்து நிற்கச் சொல்லிக்கொடுக்கிற வேலை.

1947இல் நியூயார்க் பயனியர் கிளப்பில் சேர்ந்தார். இந்தக் கிளப் 1936இல் ஹார்லெமில் ஜோ யான்ஸியும் அவர் நண்பர்களும் ஆரம்பித்தது. கறுப்பர்களை மற்ற கிளப்புகள் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் கறுப்பர்கள் தொடங்கிய கிளப். 1942இல் இவர்கள் செய்த காரியம், தங்கள் கதவை எல்லா நிறத்தவருக்கும் திறந்துவிட்டது. தள்ளி வைக்கப்பட்டவன் தனக்கென்று ஒரு இடம் கட்டிக்கொண்டால் முதலில் தாழ்ப்பாள் போடத்தான் தோன்றும்; அது நியாயமும்கூட. யான்ஸி அதைச் செய்யவில்லை. அமெரிக்கத் தடகளத்தில் எல்லா இனத்தவரும் சேர்ந்து இருந்த முதல் பெரிய கிளப் இதுதான் என்கிறார்கள். பேஸ்பாலில் ஜாக்கி ராபின்ஸன் அத்தனை ஆரவாரத்தோடு நுழைந்தது 1947இல். அதற்கு ஐந்து வருஷம் முன்பே ஹார்லெமில் சத்தமில்லாமல் இது நடந்துவிட்டது. அங்கே பணம் இல்லை, அதனால் செய்தியும் இல்லை.

*

இனி, அவர் ஓடிய ஓட்டத்தைச் சொல்ல வேண்டும். இங்கே எண்களைத் தவிர வேறு வழியில்லை.

வீடு நகரத்தின் வடகோடியில். வேலை தெற்கே, மன்ஹாட்டனின் கீழ்ப்பகுதியில். கார்பிட் ஓடிக்கொண்டே வேலைக்குப் போவார். நேர் வழியாக அல்ல, சுற்றிக்கொண்டு, 20 மைலுக்குக் குறையாமல். சில நாட்களில் திரும்பி வருவதும் ஓட்டத்தில்தான். உச்சத்தில் இருந்தபோது வாரத்துக்கு 200 மைல் ஓடினார். அதாவது ஒரு நாள் விடாமல் தினம் ஒரு மாரத்தானும் அதற்கு மேலே கொஞ்சமும். 1962இல் ஒரு வாரம் 300 மைல். மன்ஹாட்டன் தீவைச் சுற்றி ஒரு வட்டம் ஏறக்குறைய 31 மைல். விடுமுறை நாட்களில் அதை ஒருமுறை சுற்றுவார், சில சமயம் இரண்டு முறை. சாதாரணப் பயிற்சி என்று அவர் வைத்திருந்தது மைதானத் தடத்தில் 17 மைல், உடனே சாலையில் 13 மைல். அந்தக் காலத்து அமெரிக்கத் தெருவில் ஒரு வளர்ந்த ஆள், அதுவும் ஒரு கறுப்பர், அரைக்கால் சட்டையோடு ஓடினால் திருடிவிட்டு ஓடுகிறான் அல்லது மூளை பிசகியிருக்கிறது என்ற இரண்டு அர்த்தங்கள்தான் உண்டு. காலை ஓட்டம் என்பது இன்னும் நாகரிகமாகவில்லை.

நம் ஊரில் இதைச் சொன்னால் உடனே ‘தவம்’ என்பார்கள். இந்தச் சொல் நம்மிடம் ரொம்பவும் மலிந்துவிட்டது. ஒருவர் நாற்பது வருஷம் நாயனம் வாசித்தால் தவம், முப்பது வருஷம் அகராதி தொகுத்தால் தவம். தவம் என்றதும் செய்கிறவனுக்கும் செய்கிற காரியத்துக்கும் நடுவில் உள்ள விவரங்களெல்லாம் ஹோமப் புகையில் மறைந்துபோகின்றன. கூடவே இன்னொரு எதிர்பார்ப்பும் ஒட்டிக்கொண்டு வருகிறது. தவம் என்று இருந்தால் கடைசியில் வரம் என்று ஒன்று இருந்தாக வேண்டும், கொடுக்க ஒருவர் பிரத்தியட்சமாக வேண்டும். கார்பிட்டுக்கு யாரும் பிரத்தியட்சமாகவில்லை. 1954இல் யாங்கர்ஸ் மாரத்தானில் ஜெயித்து அமெரிக்க தேசிய சாம்பியன் ஆனார். ஃபிலடெல்ஃபியா மாரத்தானை நான்கு முறை ஜெயித்தார். 25 மைலிலிருந்து 100 மைல் வரை பல தூரங்களுக்கு அமெரிக்கத் தடகள சாதனைகள் பல சமயங்களில் அவர் பெயரில் இருந்தன. இவற்றால் அவருக்கு ஒரு சல்லி வரவில்லை. அமெச்சூர் விதிகளின்படி வரவும் கூடாது. திங்கட்கிழமை காலை நோயாளிகள் காத்துக்கொண்டிருப்பார்கள்.

தவத்தைவிட எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘பரிசோதனை’. அவர் உடலைப் படித்தவர். தசை எங்கே இழுக்கும், எங்கே கிழியும், எத்தனை நாளில் தேறும் என்பது அவருக்குத் தொழில். மருத்துவர்களே நீண்ட ஓட்டம் இதயத்தைக் கெடுக்கும் என்று பயமுறுத்திக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மனித உடல் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியை அவர் கைக்கெட்டிய ஒரே உடலில் கேட்டுப் பார்த்தார். இதை உயர்த்திச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வாரத்துக்கு 200 மைல் என்பதில் விவேகம் எவ்வளவு, வெறி எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அதே மனிதர் இவ்வளவு தூரம் ஓடாமல், வேகத்துக்கு மட்டும் பழகியிருந்தால் இன்னும் சில மாரத்தான்களை ஜெயித்திருக்கலாம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஒருவேளை ஜெயிப்பது அவருடைய கேள்வியாகவே இல்லாமல் இருந்திருக்கலாம். வீட்டில் மனைவியும் ஒரு மகனும் இருந்தார்கள்; இந்த மைல்களுக்கெல்லாம் அவர்களும் ஏதோ ஒரு விதத்தில் விலை கொடுத்திருப்பார்கள். தகப்பனின் காகிதங்களையெல்லாம் பின்னாளில் மகன்தான் பத்திரப்படுத்தி ஆவணமாக்கினார் என்பதை மட்டும் இங்கே குறிப்பிடலாம்.

*

1956இல் பிரவுனிங் ராஸ் என்ற ஓட்டக்காரர் ஒரு சின்னப் பத்திரிகை தொடங்கினார். அவரும் ஒலிம்பிக்கில் ஓடியவர்தான். பெயர் ‘லாங் டிஸ்டன்ஸ் லாக்’. எந்த ஊரில் எந்தப் பந்தயம் நடந்தது, யார் எத்தனையாவதாக வந்தார்கள், எத்தனை நிமிஷம், அடுத்த மாதம் எங்கே ஓடலாம் என்பவைதான் உள்ளடக்கம். படிக்கிறவர்களும் ஓடுகிறவர்களும் அநேகமாக ஒரே ஆட்கள். தினசரிகள் பேஸ்பாலுக்கும் குத்துச்சண்டைக்கும் பக்கங்களைக் கொட்டிக்கொண்டிருந்தபோது, சாலையில் ஓடுகிற சில நூறு பேர் தாங்கள் இருக்கிறோம் என்பதை ஒருவருக்கொருவர் தெரியப்படுத்திக்கொண்டது இதன் வழியாகத்தான். இந்தப் பக்கங்களிலேயே 1957இல் ராஸ், இங்கிலாந்தில் இருப்பதுபோல நாமும் ஒரு ரோட் ரன்னர்ஸ் கிளப் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். 1958இல் அது ஆரம்பமாயிற்று. அதன் நியூயார்க் கிளைக்கு முதல் தலைவர் கார்பிட். ஓடுகிறவர்களே பந்தயம் நடத்துவார்கள். அவர்களே கோடு போடுவார்கள், கடிகாரம் பிடிப்பார்கள், முடிந்ததும் அவர்களே கூட்டிப் பெருக்குவார்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு புன்னகை வரும் என்று எனக்குத் தெரியும். நூறு சந்தா, அதில் பாதி பாக்கி, எழுதுகிறவனே அச்சகத்துக்கு அலைவது, கட்டுக் கட்டாகப் பிரதிகளைத் தூக்கிக்கொண்டு தபாலாபீஸுக்குப் போவது. ஒப்புமை கிடைத்த சந்தோஷத்தில் நாம் ஒரு வித்தியாசத்தைத் தவறவிடக் கூடாது. நம் சிறுபத்திரிகைகளில் யார் யாருக்கு முன்னால் இருக்கிறார்கள் என்பது வாய்ச்சண்டையில் தீர்மானமாகிறது. ராஸின் பத்திரிகையில் 38ஆவதாக வந்தவன் 38ஆவது இடத்தில் அச்சாவான். தலைவர் கார்பிட்டாகவே இருந்தாலும்.

ஆனால் இதிலேயே ஒரு சிக்கல் இருந்தது. 38ஆவதாக வந்தவன் எவ்வளவு தூரம் ஓடி வந்தான்?

*

மாரத்தானின் தூரம் 26 மைல் 385 கஜம். 42 கிலோமீட்டர் 195 மீட்டர். இது எல்லோருக்கும் தெரியும். 1950களில் சாலையில் இதை அளக்க யாருக்கும் சரியாகத் தெரியாது. அமைப்பாளர்களில் ஒருவர் காரை ஓட்டிப்போய் மைல் மீட்டரைப் பார்த்து வருவார். அல்லது வரைபடத்தில் நூல் வைத்து அளப்பார்கள். கையில் தள்ளிக்கொண்டு போகிற சக்கரம் உண்டு. கரடுமுரடான சாலையில் அது துள்ளும், துள்ளின தூரமும் கணக்கில் சேரும். புகழ்பெற்ற பாஸ்டன் பந்தயமே இதற்குத் தப்பவில்லை. 1956இல் பின்லாந்துக்காரர் ஆன்ட்டி விஸ்காரி அங்கே 2 மணி 14 நிமிஷம் 14 வினாடியில் முடித்தார். நம்ப முடியாத வேகம். நம்ப முடியாததாகவே ஆயிற்று. அடுத்த வருஷம் அளந்து பார்த்ததில், சாலைகளைச் செப்பனிட்டதில் பாதை தேய்ந்து ஆயிரம் கஜத்துக்கு மேல் குறைந்துபோயிருந்தது தெரிந்தது. முழுத் தூரமாகத் திருத்திய பாதையில் 1957இல் ஜெயித்த ஜான் கெல்லிக்கு 2 மணி 20 நிமிஷம் 5 வினாடி ஆயிற்று.

கார்பிட்டின் மிகப் பெரிய காரியம் என்று நான் நினைப்பது இங்கேதான் வருகிறது. இங்கிலாந்தில் ஜான் ஜூவெல் என்பவர் சைக்கிள் சக்கரத்தை வைத்துச் சாலையை அளப்பதைப் பற்றி 1961இல் எழுதியிருந்தார். கார்பிட் அதை எடுத்துக்கொண்டு, மற்ற முறைகளோடு ஒப்பிட்டு, தானும் அளந்து பார்த்து, 1964இல் சாலைப் பந்தயப் பாதைகளை அளப்பது பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். பாதைகளுக்குச் சான்று வழங்கும் ஏற்பாடு அமெரிக்காவில் அதிலிருந்துதான் பிறந்தது. இன்று உலகம் முழுவதும் மாரத்தான் பாதைகளை அளக்கிறவர்கள் கையாளுவது இந்த வழிதான்.

முறை சுலபமானது, ஆனால் ஏமாற்ற முடியாதது. சைக்கிள் சக்கரத்தின் சுற்றுக்களை எண்ண வேண்டும். ஒரு மாரத்தானுக்குச் சுமார் 20,000 சுற்று. இதை எண்ணுவதற்கென்றே ஆலன் ஜோன்ஸ் என்ற பொறியாளர் 1971இல் சக்கரத்தில் பொருத்தும் ஒரு சின்னக் கருவி செய்தார். ஆனால் ஒரு சுற்று என்றால் எவ்வளவு? அது டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது, ஏறி உட்கார்ந்தவர் எவ்வளவு கனம், அன்றைக்கு எவ்வளவு வெயில் என்பதைப் பொறுத்தது. காலையில் காற்றடித்த டயர் வெயில் ஏற ஏற விரியும். அதே நூறு சுற்றில் கொஞ்சம் கூடுதல் தூரம் போகும். ஆகவே முதலில் நேரான ஒரு சாலையில் எஃகு நாடாவால் ஒரு தூரத்தைத் துல்லியமாக அளந்து குறித்துக்கொண்டு, அதில் பலமுறை ஓட்டிப் பார்த்து, அன்றைய சக்கரத்தின் கணக்கை எடுக்க வேண்டும். பிறகு பந்தயப் பாதையை அளக்க வேண்டும். அளந்து முடித்ததும் மறுபடி அந்த முதல் சாலைக்கே வந்து, சக்கரம் இதற்குள் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை.

அடுத்தது, எந்தக் கோட்டில் அளப்பது என்ற கேள்வி. சாலையின் நடுக்கோட்டில் அளந்தால் அது சாலையின் நீளம். பந்தயத்தின் நீளம் அல்ல. ஓடுகிறவன் நடுவில் ஓடுவதில்லை. வளைவு வந்தால் உள்விளிம்பை ஒட்டி வெட்டிக்கொண்டு போவான். எனவே, விதிகளை மீறாமல் ஒரு ஓட்டக்காரன் போகக்கூடிய மிகக் குறுகிய வழி எதுவோ அதில், நடைபாதை விளிம்பிலிருந்து ஒரு அடி தள்ளி, சைக்கிளை ஓட்டிப்போக வேண்டும். எதிரே லாரி வந்தாலும் அந்தக் கோட்டை விடக் கூடாது. பல அளவீடுகள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நடப்பதற்குக் காரணம் இதுதான்.

பாங்கியில் கையால் லெட்ஜர் எழுதின காலத்து மூத்தவர்கள் சொல்வார்கள், சாயந்திரம் டாலியில் பத்து பைசா இடித்தால் ராத்திரி எட்டு மணி வரை தேடுவார்களாம். பத்து பைசாவைப் பையிலிருந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாதா என்று வெளியாள் கேட்பான். பத்து பைசா வித்தியாசம் என்பது நூறு ரூபாய் ஓரிடத்தில் கூடி, நூறு ரூபாய் பத்து பைசா இன்னோரிடத்தில் குறைந்ததாகவும் இருக்கலாம் என்பது உள்ளே இருப்பவனுக்குத்தான் தெரியும். கார்பிட்டின் சிரத்தையை நான் இந்த இடத்திலிருந்துதான் புரிந்துகொள்கிறேன். மைதானத் தடத்தில் ஓடுகிறவனுக்குத் தூரத்தை வேறு யாரோ உத்தரவாதம் செய்கிறார்கள். சாலையில் ஓடுகிறவனுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அவன் கொட்டிய வியர்வைக்கு ஒரு பொருள் வேண்டுமென்றால் பாதை நிஜமாக இருக்க வேண்டும். கார்பிட் தனக்காக மட்டும் ஓடியிருந்தால் இந்த வேலைக்கு அவசியமில்லை. முகம் தெரியாத 38ஆவது ஆளின் 3 மணி 10 நிமிஷத்தைக் காப்பாற்றுவதற்காக அவர் இதைச் செய்தார் என்று சொல்லலாம்.

இலக்கிய விமர்சனத்தில் அளவுகோல் என்ற சொல்லை வைத்து நாம் போடாத சண்டை இல்லை. அவரவர் கோலை எடுத்து நீட்டுகிறோம். அளக்கப் போவதற்கு முன் உன் சக்கரத்தை எதில் உருட்டிப் பார்த்தாய், அளந்துவிட்டு வந்த பிறகு மறுபடி உருட்டினாயா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ஒரு புத்தகத்தைப் படித்து முடிக்கையில் நம் டயரும் சூடேறி விரிந்துதான் இருக்கும்.

இந்த முறை யாருக்கும் தயவு காட்டவில்லை. 1981இல் நியூயார்க் மாரத்தானில் ஆல்பர்ட்டோ ஸலஸார் 2 மணி 8 நிமிஷம் 13 வினாடியில் ஓடி உலக சாதனை என்று கொண்டாடப்பட்டார். பிறகு மறு அளவீட்டில் அந்தப் பாதை ஏறக்குறைய 150 மீட்டர் குறைவு என்று தெரிந்து சாதனை போயிற்று. நியூயார்க், கார்பிட்டின் சொந்த ஊர். அந்தப் பந்தயத்தை 1976இல் நகரத்தின் ஐந்து பிரிவுகள் வழியாகவும் கொண்டுபோகும் யோசனையின் ஆரம்பத்தில் அவருக்கும் பங்கு உண்டு. அவர் பழக்கி வைத்த துல்லியம் அவர் ஊருக்கே வந்து கணக்குக் கேட்டது.

*

நியூயார்க் மாரத்தான் 1970இல் தொடங்கியபோது பெயர் கொடுத்தவர்கள் 127 பேர், ஸென்ட்ரல் பார்க்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து முடித்தவர்கள் 55 பேர். 51 வயது கார்பிட் ஐந்தாவதாக வந்தார். இன்று அதே பந்தயத்தில் ஐம்பதாயிரம் பேர் ஓடுகிறார்கள். கம்பெனிகள் சட்டையில், பாலத்தில், தண்ணீர்க் குவளையில் எல்லாம் பெயர் எழுதியிருக்கின்றன. சிறிய வட்டம் பெரிதானால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு பதில். கெட்டுவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாதை இன்னும் சரியாக அளக்கப்படுகிறது.

மாரத்தானுக்கு மேலே உள்ள தூரங்களுக்கு அவர் போனது தனிக் கதை. இங்கிலாந்தில் லண்டனிலிருந்து பிரைட்டன் வரை 50 மைலுக்கு மேற்பட்ட பந்தயம் ஒன்று 2005 வரை நடந்துவந்தது. 1962இல் போய் நான்காவதாக வந்தார். பிறகும் போனார். இரண்டாவதாக வந்தது உண்டு, ஜெயித்ததில்லை. இந்த நெடுந்தூர ஓட்டத்துக்கு நவீன காலத்தில் வழி போட்ட ஆர்தர் நியூட்டன் என்ற தென்னாப்பிரிக்க வெள்ளை விவசாயியின் கதை விசித்திரமானது. தன் பண்ணையைச் சுற்றியுள்ள நிலங்களை அரசாங்கம் கறுப்பர்களுக்கு ஒதுக்கிவிட்டது, தனக்கு நஷ்ட ஈடு தரவில்லை என்ற கோபத்தில், பிரபலமானால் தன் வழக்கை நாலு பேர் கேட்பார்கள் என்று கணக்குப் போட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் 1922இல் ஓட வந்தவர் அவர். அந்த மனிதர் திறந்த சாலையில், நாற்பது வருஷம் கழித்து, அடிமையின் பேரன், ஊரை அரசாங்கத்திடம் இழந்தவர், ஓடுகிறார். நியூட்டன் தன் மனக்குறையை உலகத்துக்குச் சொல்ல ஓடினார். கார்பிட்டுக்கு மனக்குறை இருந்திருக்கக் காரணங்கள் நியூட்டனைவிட அதிகம். அவர் அதற்காக ஓடவில்லை.

இங்கே ஒரு கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 1968இல் மெக்ஸிகோ ஒலிம்பிக் மேடையில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தினார்கள். அந்தப் படம் வரலாறாகிவிட்டது. கார்பிட் அந்த வகைப் படம் எதிலும் இல்லை. அதிகம் பேசாதவர் என்றே அவரை அறிந்த எல்லோரும் சொல்கிறார்கள். இந்த மௌனம் சமரசமா? அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கக்கூடும். முஷ்டியை உயர்த்தியவர்கள் கொடுத்த விலை பெரிது. அதைக் குறைத்துப் பேசுவது என் உத்தேசம் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் உன்னோடு ஓட மாட்டேன் என்று சொல்லி ஒதுக்கப்பட்டவர், அந்த விளையாட்டின் அமைப்புக்குத் தலைவராகி, எவனும் எவனுக்கும் ஒரு கஜம்கூடச் சலுகை தரவோ பிடுங்கவோ முடியாதபடி அதன் தரையையே அளந்து வைத்தார். அது பேச்சில்லாத காரியம் என்பதால் அரசியல் இல்லாத காரியம் ஆகிவிடாது என்பது என் அபிப்பிராயம்.

1969இல், 50 வயதில், இங்கிலாந்தில் வால்டன் என்ற ஊரின் மைதானத்தில் 100 மைலை 13 மணி 33 நிமிஷத்தில் ஓடினார். கால் மைல் தடம் என்று வைத்துக்கொண்டால் 400 சுற்று. 1973இல் அதே ஊரில் 24 மணி நேரத்தில் 134 மைலுக்கு மேல். இரண்டும் அன்றைய அமெரிக்க சாதனைகள். மறு வருஷம் ஆஸ்துமா வந்தது. 55 வயதில் போட்டி ஓட்டம் முடிந்தது. அத்தனை வருஷம் கார்கள் கக்கிய புகைக்கு நடுவே நகரத் தெருக்களில் ஆழ்ந்து மூச்சு வாங்கியவருக்கு மூச்சில் நோய் வந்ததில் காரண காரியம் தேடுவது மருத்துவர்களின் வேலை.

அதன் பிறகு நடந்தார். கொஞ்சம் ஓடினார். பந்தயங்களில் எண் அட்டை குத்திவிடவும் தண்ணீர் ஊற்றித் தரவும் நின்றார். நோயாளிகளைப் பார்ப்பதை எண்பது வயதுக்குப் பிறகும் விடவில்லை.

82 வயதில் ஆறு நாள் பந்தயம் ஒன்றில் சேர்ந்தார். ஒரே சின்ன வட்டத்தை ஆறு பகல், ஆறு இரவு சுற்றுவது. பெரும்பாலும் நடை. 303 மைல் ஆயிற்று. 43 வயதில், உச்சத்தில், ஏழு நாளில் அவர் ஓடியது 300. 2003இல், 84 வயதில், 24 மணி நேரப் பந்தயத்தில் 68 மைல் நடந்து, 35 பேரில் 17ஆவதாக வந்தார். தன்னைவிடப் பல பத்தாண்டுகள் இளையவர்களான 18 பேருக்கு முன்னால்.

2007 டிசம்பர் 12ஆம் தேதி ஹூஸ்டனில் இறந்தார், 88 வயதில். மூச்சுக்குழல் உபாதைதான்.